டிக்... டிக்... துரோகம்!

“செத்துப் போச்சா?”

அலறினாள் அவள்.

ரிப்பேர் கடை மேஜையில் மல்லாந்து கிடந்தது... லேப்டாப்!

“இன்னும் உசிரு இருக்கு மேடம். ஆனா, டிஸ்க் முழுக்க எர்ரர்,” என்றார் மெக்கானிக்.

அந்த லேப்டாப்பில்தான் அவளுடைய கார்ட்டூன் படம் இருந்தது. ராப்பகலாக ஒருத்தியாக வரைந்த படம். நாளை தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டியாக வேண்டும்.

வேறு காப்பி?

அதை எடுத்து வைக்கிறேன் என்று சொன்னவன் பக்கத்திலேயே நின்றான். கணவன்! மறந்துவிட்டானாம்.

“விடும்மா, நம்ம நேரம்... சார், ஃபார்மட் பண்ணிடுங்க.”

“இருங்க சார்! இங்கே முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர். படிக்க முடிஞ்சதை எல்லாம் எடுத்துட்டிருக்கேன்.”

திடீரென்று மெக்கானிக்கின் புருவம் ஏறியது.

“மேடம், லேப்டாப் எப்போ வாங்கினது?”

“போன வருஷம்.”

“எவ்வளவு நேரம் ஓடினோம்னு டிஸ்க்கே கணக்கு வெச்சிருக்கும். இது ஓடியிருக்கற ஓட்டத்துக்கு, எப்படியும் பத்து வயசு!”

“அப்... அப்படின்னா?”

“உங்க டிஸ்க்கைக் கழட்டிட்டு, யாரோ இந்தக் கிழட்டு டிஸ்க்கை மாட்டியிருக்காங்க!”

“வித்தவன் ஏமாத்தியிருப்பான்!” கணவன் முந்திக்கொண்டான்.

அதே நேரம், காப்பியான முதல் போட்டோ திரையில் விரிந்தது. பைக்கில் சாய்ந்தபடி, கூலிங் கிளாஸும் அரும்பு மீசையுமாக ஓர் இளைஞன்.

அவள் போட்டோவைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

“இது... உங்க காலேஜ் போட்டோ!”

அவனுக்குக் குப்பென்று வியர்த்தது. தன்னுடைய பழைய டிஸ்க்தானே, செத்தது எங்கே வாயைத் திறக்கப் போகிறது என்று நினைத்திருந்தான், பாவி!

“என் படம் எங்கே? யார்கிட்ட கொடுத்தீங்க?”

“அது வந்து...”

கடை போன் அலறியது. மெக்கானிக் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், அவசரம்! ஒரு லேப்டாப் டிஸ்க் கை தவறிக் கீழே விழுந்துடுச்சு. இப்போ மாட்டினா டிக்... டிக்...னு சத்தம். உள்ளே என் கார்ட்டூன் படம் இருக்கு சார்!”

அந்தக் குரல்...

“என் தங்கச்சி!” என்று முணுமுணுத்தாள்.

தங்கைக்குக் கைபிடித்து வரையக் கற்றுக்கொடுத்ததே இவள்தான். கட்டினவனும் கூடப்பிறந்தவளும் கூட்டுச் சேர்ந்து கழுத்தறுத்திருக்கிறார்கள்!

கத்தப் போனவளை மெக்கானிக் கையமர்த்தினார்.

“உடனே ஆஃப் பண்ணும்மா. இனிமே ஓடவிட்டா மிச்சமும் போயிடும். அப்படியே இங்கே கொண்டு வந்துடு.”

“படம் கிடைச்சிடுமா சார்?”

“கிடைச்சிடும்... யாருக்குன்னு நேர்ல பேசிக்கலாம், வாம்மா!”

போன் அடங்கியது. கணவன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

“எங்கே கிளம்பிட்டீங்க? உங்க மச்சினி வர்றா, உக்காருங்க!” நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

“சார், அவ கொண்டு வர்ற டிஸ்க்கை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன். இவரை இங்கேயே விட்டுட்டுப் போகலாமா?”

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“மன்னிச்சுக்குங்க மேடம்... ரிப்பேர் ஆகாத சரக்கை நாங்க எடுத்துக்கறதில்லை!”