அதை மூடு

ஏரிக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் திலகவதி முதலில் செய்வது கழுத்துப் பட்டையை மாட்டிக்கொள்வதுதான். பட்டையில் பச்சை விளக்கு எரிந்தால்தான் மேசை அவளை ஆளாக மதிக்கும். அங்கே மதகு முதல் சன்னல் வரை எல்லாம் குரலுக்குத்தான் அசையும்.

மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் பெண்களுக்குக் கவனம் சிதறுகிறது, சொல் மறக்கிறது என்று எந்தப் புண்ணியவானோ அறிக்கை எழுத, நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள் பொறுப்பான வேலையில் இருந்தால் சொல்நிரப்பி என்ற இந்தப் பட்டை கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. அதே வயது ஆண்களுக்கு எதுவும் மறப்பதில்லையாம். திலகவதியின் பேச்சு மூன்று விநாடி தடுமாறினால் போதும், அவள் வழக்கமாக என்ன சொல்வாளோ அதை வைத்து மீதியைப் பட்டை முடித்துவிடும்; கட்டளையானால் மேசைக்கு அனுப்பும், ஆளிடமானால் அவள் குரலிலேயே பேசும்.

ஆரம்பத்தில் திலகவதிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தூக்கம் கெட்ட மறுநாளும் வேலை பிசகாமல் நடந்தது. சுவர்த்திரையில் அவளுக்கான மதிப்பெண் 'கவனம்: நூறு' என்று மின்னியது. 'அது', 'இது' என்று ஆரம்பித்தாலே போதும் என்றாகிவிட்டது. மூன்று வருடத்தில் எத்தனையோ சொற்கள் அவள் வாய்க்கே வராமல் போயிருந்தன.

அன்று பிற்பகல் ஏரி தளும்பி நின்றது. ஏழாம் மதகுக்குக் கீழே கால்வாய்க்குள் இறங்கி, கம்பி வலையில் சிக்கிய ஆகாயத்தாமரையைத் துப்புரவுப் பணியாளர் எஸ்தர் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேலே ஏறும்வரை தண்ணீரை விடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் திலகவதி.

திடீரென்று நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகமெல்லாம் ஏறியது. ரவிக்கை நனைந்தது. பாதி ஒருக்களித்திருந்த சன்னலை முழுக்கத் திறந்தால் தேவலை.

"என்ன புழுக்கம்டா சாமி! அந்த... அதை..."

மூன்று விநாடி. தினமும் அந்த நேரத்தில் அவள் சொல்லும் கட்டளையையே சொல்நிரப்பி சத்தமில்லாமல் மேசைக்கு அனுப்பியது: 'ஏழாம் மதகைத் திற.'

கீழே இரும்பு முனகியது. ஒலிபெருக்கியில் எஸ்தர் அலறினாள். "அக்கா! தண்ணி வருதுக்கா! கால் வலையில மாட்டிக்கிச்சு, மூடுக்கா!"

"அதை... ஐயோ, அந்த..."

தண்ணீரை அடைக்கும் அந்தப் பலகை, அதன் துரு, கிரீஸ் வாடை எல்லாம் கண்முன் நின்றன. பெயர் மட்டும் வரவில்லை. மூன்று விநாடி. புழுக்கம் தணிந்ததும் அவள் வழக்கமாகக் கேட்பது எதுவோ, அது நடந்தது. பாதி திறந்திருந்த சன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது.

பட்டையைப் பிடுங்கி எறிந்தாள். மேசை இருண்டது. மதகு திறந்தபடியே நின்றது. தவழ்ந்துபோய்ப் பட்டையை எடுத்து மறுபடி மாட்டினாள். பயத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

"இடுப்புக்கு வந்துடுச்சுக்கா! நான் பேசறது கேக்குதா?"

திலகவதி வாயைத் திறந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"கேக்குதுடி எஸ்தர்," என்று பட்டையிலிருந்து அவள் குரலே நிதானமாகப் பதில் சொன்னது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

சுவரில் கவனம் நூறு என்று மின்னியது.