ஏழாவது பெயர்

சிரம்பானை அடுத்த அம்பாங்கானில் செல்லப்பாவின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது மோகனாவுக்கு மூச்சு வாங்கியது. காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர் செல்லப்பா. அமைதியாக நாற்காலியைக் காட்டினார். பக்கத்து வீட்டுப் பள்ளி வேன் ஓட்டுநர் வீரமுத்து, துப்புத் துலக்கும் வழக்கு என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுபவர், அழைக்காமலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, சி ரூசா கடற்கரையில நேத்து தமிழ்ப்பட விருது விழா நடந்துச்சே, அதுல யாரு ஜெயிப்பாங்கன்னு எங்க ரப்பர் தோட்டத்து மண்டபத்துல போட்டி வெச்சோம்," என்றாள் மோகனா. "ஏழு விருது. போட்டியில ஜெயிக்கிறவங்களுக்கு, அடுத்த மாசம் எங்க தோட்டத்துல எடுக்கப்போற படத்துல ஒரு காட்சி. வசனத்தோட!"

"ஜெயிச்சது யாரு?" வீரமுத்து நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"முகுந்தன் அண்ணன். சிரம்பான்ல போன் கடை வெச்சிருக்காரு. ஏழுல ஆறு சரி! ரோகினிக்கு அஞ்சு. சுங்கை காடுட் ஃபேக்டரியில வேலை செய்யற பொண்ணு, ஒரு படம் விடாது. முகுந்தன் அண்ணன் தியேட்டர் பக்கமே போக மாட்டாரு. எங்க தோட்டத்து மன்றத் தலைவி நான்தான், ஜெயிச்சவங்க பேரை டைரக்டருக்கு அனுப்பணும். மனசு ஒப்பலை ஐயா."

"நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கோ, பிள்ளை."

"விழா எட்டரைக்குன்னு முகுந்தன் அண்ணன் சொன்னாரு. எட்டு மணிக்கு ஒவ்வொருத்தரா மைக்ல பேரைச் சொன்னாங்க, நான் போன்ல பதிவு செஞ்சேன். அவரு கடைசியில மோட்டார்ல வந்து எறங்கிச் சொன்னாரு. அப்புறம் யாரும் போன் பாக்கக்கூடாதுன்னு எல்லாத்தையும் வாளியில போட்டு அலமாரியில பூட்டிட்டோம். அதுவும் அவர் யோசனைதான். அவரோட லேப்டாப்லதான் நேரலை ஓடுச்சு. எங்க தோட்டத்து இன்டர்நெட் லைனுக்கு ஒரு பாட்டே நின்னு நின்னு வரும். நேத்து ஒரு தடங்கல் இல்ல! திறந்தவெளி மேடை, பின்னால கடல், சூரியன் அப்படியே தண்ணிக்குள்ள இறங்குது. என்ன அழகு தெரியுமா?"

செல்லப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அவர் தப்பாகச் சொன்ன அந்த ஒன்று எது?"

"சரியா சொன்ன ஆறுதானே ஐயா சந்தேகம்?"

"ஆறு சரி என்பது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். தப்பைச் சொல்லுங்கோ."

"கடைசி விருது, சிறந்த நகைச்சுவை நடிகர். நல்லசாமின்னாரு. மேடையிலயும் முதல்ல நல்லசாமின்னுதான் வாசிச்சாங்க! மண்டபமே எழுந்து ஆடுச்சு. ஒரு பாட்டு முடிஞ்சு மறுபடி வந்து, மன்னிக்கணும், அட்டை மாறிப்போச்சு, முனியாண்டிதான்னு சொன்னாங்க. மேடையில நடக்கப்போற தப்பைக்கூட முன்னாடியே சொல்லிட்டாரேன்னு தோட்டமே வாயைப் பிளந்து நிக்குது."

"அந்த நல்லசாமி எந்தப் படத்தில் சிரிக்க வைத்தார்?"

மோகனா வீரமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். போனைத் தட்டிப் பார்த்த வீரமுத்து துள்ளி எழுந்தார். "ஐயா! அவரு நடிகரே இல்ல லா! கேமராமேன்!"

அன்று மாலையே தோட்டத்து மண்டபம் நிரம்பியது. முகுந்தன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சி ரூசாவில் ஏழரைக்குள் சூரியன் மறைந்துவிடும்," என்று நிதானமாகத் தொடங்கினார் செல்லப்பா. "எட்டரை மணி நேரலையில் அது எப்படி மறுபடி கடலில் இறங்கியது? நீங்கள் பார்த்தது முடிந்துபோன விழாவின் பதிவு. அதனால்தான் ஒரு தடங்கலும் இல்லை."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. முகுந்தன் எழுந்தான். "லைன் மோசம்னு பதிவு பண்ணிக் கொண்டாந்தேன் ஐயா. நான் அதைப் பாக்கல. பேரெல்லாம் நானா யோசிச்சது."

"பார்க்கவில்லையா? அப்படியென்றால், ஒரு நாளும் நடிக்காத கேமராமேனுக்கு நகைச்சுவை விருது கிடைக்கும் என்று எப்படித் தம்பி யோசித்தீர்? அந்தப் பெயரையும் அந்த விருதையும் ஒன்றாகக் கேட்டிருக்கக்கூடிய இடம் அந்த மேடை ஒன்றுதான். கடையில் இருந்து விழாவைப் பார்த்தீர். ஏழாவது பெயரைக் கேட்டதும், போன் லைனில் பதிவு ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை அப்படியே பையில் போட்டுக்கொண்டு மோட்டாரில் கிளம்பிவிட்டீர். திருத்தத்தை அது பைக்குள்ளேயே பதிந்துகொண்டது; கேட்க நீர் அதன் முன்னால் இல்லை. கேட்டிருந்தால் ஏழும் சரியாகியிருக்கும். நீர் பார்த்ததை நிரூபிக்க எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது."

"அய்யோ, அப்படிப் போடுங்க!" வீரமுத்துவால் அடக்க முடியவில்லை.

முகுந்தனின் கைகள் தளர்ந்து தொங்கின. "ஒரே ஒரு தடவை திரையில என் முகத்தைப் பாக்கணும்னு ஆசை ஐயா. வேற ஒண்ணும் இல்ல," என்றான். பிறகு மேடைக்கு நடந்து, மோகனாவிடமிருந்து மைக்கை வாங்கினான். "ஜெயிச்சது ரோகினி."

வேலை முடிந்து ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்த ரோகினி, சீருடையோடு பின்வரிசை நாற்காலியில் ஏறி நின்றிருந்தாள். ஒரு கணம் ஒன்றும் புரியாமல் விழித்தவள், அடுத்த கணம் நாற்காலிகளை இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்து மோகனாவைக் கட்டிக்கொண்டாள். மண்டபம் விசிலில் அதிர்ந்தது.

"அக்கா, என் வசனம் என்னக்கா? டைரக்டர் சொன்னாரா?"

"ஒரே வரிதான். 'இந்த இடத்தை விட்டு நான் எங்கயும் போக மாட்டேன்.'"

"இப்பவே சொல்லிப் பாக்கட்டா?"

"சொல்லு லா!" என்று கத்தியது கூட்டம்.

ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, மைக்குக்கே வேலையில்லாதபடி சொன்னாள்.