கண்ணாடி காட்டாத கண்கள்

கழுவிக் கிண்ணத்தில் போட்ட கண்கள் இரண்டும் மறுபடி அவள் பக்கமே திரும்பிக் கிடந்தன. தமிழ்வாணி கிண்ணத்தை ஆட்டினாள். தண்ணீர் அலைந்தது, பிளாஸ்டிக் வில்லைகள் ஒன்றோடொன்று மோதிச் சுழன்று, அடங்கும்போது அவளைப் பார்த்தன. தூக்கம் கெட்டால் கண்டதும் தோன்றும் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

அவள் மகள் பவதாரிணி கண்களே இல்லாமல் பிறந்தவள். இமை உண்டு, இமை முடி உண்டு. உள்ளே வெறும் குழி. எங்கோ அபூர்வமாக ஒரு குழந்தைக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். குழி சுருங்கினால் முகம் கோணிவிடும் என்று, நிறமில்லாத வில்லைகளைச் செருகி, அவ்வப்போது எடுத்துக் கழுவச் சொன்னார். "எங் கண்ணப் புடுங்கி இவளுக்கு வைங்க" என்று அவர் காலில் விழுந்து அழுதாள் தமிழ்வாணி. தொட்டிலை ஆட்டும்போதும் அதையே சொன்னாள். மனமாரத்தான் சொன்னாள்.

கணவன் முத்திருளன் கோயில் சிலைகளுக்கு வண்ணம் பூசுகிறவன். போன வாரம் கொட்டாம்பட்டியில் காதுகுத்து. சொந்தக்காரர்களின் வாய்க்குப் பயந்து, கிளம்பும் முன் அந்த வில்லைகளில் கருவிழி வரைந்துவிட்டான். இடது வில்லையில் தூரிகையின் முடி ஒன்று ஒட்டிக்கொண்டு நகத்தில் நெருடியது.

"காஞ்சிருச்சு மாமா, முடிய எடுக்க வரல."

"கெடக்கட்டும். யாரு கிட்ட வந்து பாக்கப் போறாக? வெரசா மாட்டு."

சாமிக்குக் கண் திறக்கும்போது எதிரே ஆளை நிற்க விடமாட்டான் அவன். முதல் பார்வை கண்ணாடியில்தான் விழவேண்டும். மனுசர் மேல் விழுந்தால் தாங்காது என்பான். அன்று அவசரத்தில் கண்ணாடி காட்ட மறந்துபோனான். வில்லைகளை மாட்டியதும் குழந்தை முகத்தை நிமிர்த்தியது. எதிரே தமிழ்வாணி இருந்தாள்.

அதிலிருந்து விளாங்குடி வீட்டில் அவள் எங்கே நகர்ந்தாலும் தொட்டிலில் அந்தத் தலை திரும்பியது. கொலுசைக் கழற்றி வைத்தாள். மூச்சை அடக்கி நடந்தாள். திரும்பியது. குக்கரின் சீறல், திண்டுக்கல் ரோட்டு லாரிகளின் இரைச்சல், பால் வாடையும் ஈரத்துணி வாடையும் கலந்த அறையின் புழுக்கம், எல்லாம் முன்னைவிட நெருங்கி வந்து அவள் மேல் மோதின; பார்வையின் ஓரத்தில் இருந்தவை மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் காலண்டர். பிறகு கதவு.

"மாமா, எனக்குக் கண்ணு மங்குது. பயமா இருக்கு. அந்தப் பெயின்ட அழிச்சிருங்க."

முத்திருளன் தொட்டிலுக்கு மேலே சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அட, இங்க பாரு வாணி! துண்டு போற பக்கமெல்லாம் பாக்குது! எம்புள்ளைக்குக் கண்ணு வந்துருச்சுடி!"

சிரித்தான். அழுதான். அவள் சொன்னது அவன் காதில் விழவே இல்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் குழந்தையை மடியில் போட்டாள். வில்லைகளை எடுத்து உடைத்துவிட வேண்டும். பட்டப்பகல். ஜன்னல் வெயில் முகத்தில் சுட்டது. சுட்டது மட்டும்தான். வெளிச்சம் இல்லை.

தடவினாள். மூக்கு. கன்னம். இமை. விரலை உள்ளே விட்டாள்.

பிளாஸ்டிக் இல்லை.

ஈரம். சூடு. விரலுக்கு அடியில் மெல்ல உருண்டது.

குழந்தை வீறிட்டது. கண்ணீர் அவள் விரலில் வழிந்தது. பிறந்ததிலிருந்து பவதாரிணிக்குக் கண்ணீரே வந்ததில்லை.

மறு கையைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனாள். இடது கண். நகம் பட்டது.

டொக்.

ஒரு முடி நெருடியது.

கேட்டதுதான். அழுது அழுது கேட்டதுதான். ஆனால் இந்த இருட்டை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. இது வேண்டாம். அவளுக்குத் தன் கண் திரும்ப வேண்டும்.

"அழாதடி தங்கம்," என்றாள். "அம்மாவோடதுதானடி அது."

குழந்தை கையையும் காலையும் உதைத்துக்கொண்டு கத்தியது. இமைக்குள் இருந்த விரலை அவள் எடுக்கவில்லை.