கட்டில் கப்பலின் கடைசிப் பயணம்

அந்தக் கப்பலைப் போர்க்கப்பல் என்றால் மற்ற போர்க்கப்பல்கள் கோபித்துக்கொள்ளும். பீரங்கியைவிடக் கட்டில்கள்தான் அதில் அதிகம். படை வீரர்கள் தங்குவதற்கென்றே கட்டியது. குறட்டைச் சத்தத்திலேயே கப்பல் ஓடிவிடும் என்று கேலி பேசுவோம். ஜப்பான் சண்டையிலிருந்து திரும்பியவர்கள் அதில் தூங்கினார்கள், கொரியாவுக்குப் போனவர்கள் தூங்கினார்கள். கடைசியாக வியட்நாமில், மெக்காங் ஆற்றின் நடுவே நங்கூரம் போட்டு நின்றது. பையன்கள் காலையில் படகேறிச் சண்டைக்குப் போவார்கள். திரும்பியவர்கள் மேல் குழாய்த் தண்ணீரை அடித்து, சேறு போன பிறகுதான் மேலே ஏற்றுவோம். எல்லோரும் திரும்பவில்லை.

இப்போது வர்ஜீனியாவில், உடைக்கிற இடத்துக்குப் போகக் காத்துக் கிடந்தது. மறுநாள் இழுவைப் படகு வந்துவிடும். அதுவரை காவலுக்கு, மெக்காங்கில் அதிலேயே வேலை பார்த்த நான் ஒருவன், ஹார்லன் ஸ்ட்ரவுட்.

மதியம் லுவெல்லா டகெட் என்ற அம்மாள் வந்தார். டென்னசியிலிருந்து பஸ்ஸிலேயே வந்திருக்கிறார். மகன் ராஸ்கோ மெக்காங் சண்டையில் ஆற்றில் விழுந்தவன். உடல் கிடைக்கவே இல்லை.

"புதைக்கக்கூட ஒண்ணுமில்ல தம்பி. அவன் படுத்த இடத்தயாச்சும் தொட்டுப் பாக்குறேன். முடிஞ்சா எம்புள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

வெளியாட்களை விடக்கூடாது என்பது விதி. எனக்கு மனசு கேட்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினேன்.

கீழே மின்சாரம் இல்லை, ஜன்னலும் கிடையாது. பட்டப்பகலிலும் கும்மிருட்டு. மூன்றடுக்குக் கான்வாஸ் கட்டில்கள் சங்கிலிகளில் தொங்கின. துருவும் பழைய வியர்வையும் கலந்த வாடை. ராஸ்கோவின் கட்டிலைக் காட்டினேன். அதன் மேல் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அப்போது மேலே ஒரு குரல்.

"கப்பலுக்குள்ள வர அனுமதி கேக்குறேன், சார்."

எங்கள் கடற்படையில் யாராக இருந்தாலும் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் கப்பலில் காலை வைப்பார்கள். இருபது வருடப் பழக்கம். யார் என்று யோசிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"வரலாம்."

பிறகுதான் உறைத்தது. குரல் கரைப் பக்கமிருந்து வரவில்லை.

தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது.

பூட்ஸ் சத்தம். ஈரமான பூட்ஸ்கள். ஏணியில் இறங்கிக்கொண்டே இருந்தன.

சேற்று நாற்றம் மூக்கில் ஏறியது. அது வர்ஜீனியாவின் சேறு இல்லை.

டார்ச் வெளிச்சத்தில் ஒருவரும் தெரியவில்லை. கட்டில்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. சங்கிலிகள் கிறீச்சிட்டன. இருட்டெங்கும் பெருமூச்சு.

லுவெல்லாவின் கைக்குக் கீழே கான்வாஸ் பள்ளம் விழுந்தது.

"ராஸ்கோ?"

"மெதுவா பேசும்மா. பசங்க இப்பதான் கண்ண மூடுறாங்க."

நான் ஓரடி பின்வாங்கினேன். அந்த அம்மாள் பயப்படவில்லை.

"வீட்டுக்கு வா கண்ணு. உன் ரூம அப்படியே வச்சிருக்கேன்."

"கப்பல விட்டு இறங்கவும் அனுமதி வேணும்மா."

"குடுத்துட்டேன்," என்றேன். "எல்லாருக்கும் குடுத்துட்டேன். நாளைக்கு இத உடைக்கக் கொண்டு போறாங்க. இறங்குங்கடா."

ஒரு கட்டிலும் மேலெழும்பவில்லை. அவர்களை உள்ளே விட்டவன் நான்தானே.

"எந்திரிக்க மாட்டாங்க சார். தூங்கி எவ்ளோ நாளாச்சு." பிறகு, மிக மெல்ல, "எனக்கும் அசதியா இருக்கும்மா."

அவனைக் கூட்டிப் போகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. கடைசியில் தன் கோட்டைக் கழற்றி அந்தப் பள்ளத்தின் மேல் போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டார்.

"சரி ராசா. தூங்கு."

மறுநாள் காலை இழுவைப் படகுக்காரர்கள் வடத்தைக் கட்டினார்கள். அவர்களின் தலைவன் கப்பலின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"காலிக் கப்பல்னுதானே சொன்னீங்க? தண்ணியில இவ்ளோ ஆழமா இறங்கி நிக்குது. உள்ள யாரு இருக்கா?"

கோட்டில்லாமல் குளிரில் நின்றிருந்த லுவெல்லாதான் பதில் சொன்னார்.

"குலுக்காம, மெல்ல இழுத்துட்டுப் போங்க தம்பி."