பின்னாலிருந்து இரண்டு தட்டு

காட்சிசாலையின் இரும்புக் கேட்டுக்குள் எங்கள் வண்டி நுழைந்தபோது என் மனசில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் போகப்போகிறோம். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். அவரை முழுசாக வீட்டுக்குக் கூட்டிப்போனால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

ஓய்வு பெற்ற பிறகு சிலர் செடி வளர்ப்பார்கள், சிலர் வம்பு வளர்ப்பார்கள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த என் வீட்டுக்காரர் ஒரு பட்டாளத்து ஆம்புலன்ஸை வளர்த்தார். கழித்துப் போட்ட வண்டிகளின் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்துக்கொண்டு வந்தார். எங்கேயும் கிடைக்காத ரப்பர் வாஷரைச் செருப்புத் தைப்பவரிடம் வெட்டி வாங்கினார். பிரேக் குழாயை எங்கள் அடுப்பிலேயே காய்ச்சி வளைத்தார். என் சமையலறையில் கிரீஸ் வாசனை போன நாளே கிடையாது. வருஷா வருஷம் அந்தக் காட்சிசாலையில் நடக்கும் பழைய ராணுவ வண்டிகளின் கண்காட்சிக்கு அதை ஓட்டிப்போவோம். யாராவது ஒருவர் "அடடா, இன்னும் ஓடுதா?" என்று கேட்டால் போதும், இவருக்கு அந்த வருஷம் வயிறு நிறைந்துவிடும்.

போன மழைக்காலத்தில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இதயம் களைச்சுப் போயிருக்கு. அந்த ஸ்டியரிங் இனிமே வேண்டாம்." நான் அழுதேன், மகள் போனில் சண்டை போட்டாள். கடைசியில் இறங்கி வந்தார். இதுதான் கடைசிக் கண்காட்சி, முடிந்ததும் வண்டியைக் காட்சிசாலைக்கே கொடுத்துவிடுவது என்று முடிவானது.

அந்த வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவருக்கும் பின்பகுதிக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு உண்டு. அவருக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. பக்கத்துக் கண்ணாடி இரண்டும் அதிர்வில் உதறிக்கொண்டே இருக்கும். அதனால் நான் பின்னால், காயம்பட்டவரைப் பார்த்துக்கொள்பவர் உட்காரும் சின்ன இருக்கையில் உட்கார்ந்து தகட்டைத் தட்டுவேன். ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. எதைத் தட்டினாலும், கேட்டது என்பதற்கு அடையாளமாக அவர் மோதிர விரலால் முன்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டுவார். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் இதுதான் அதிகம் நடந்த பேச்சு. என்னைக் கூப்பிடுவதே "கண்டக்டரம்மா" என்றுதான்.

எனக்கு இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு ஸ்ட்ரெச்சர்கள். மேலே தலையில் கட்டுப்போட்ட ஒரு துணிக்கடைப் பொம்மை, பார்க்க வருகிறவர்களுக்காக. அதற்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. நிஜ மாப்பிள்ளைக்கு இது பிடிக்காது, அதனாலேயே அந்தப் பெயர் நிலைத்தது. கீழ் ஸ்ட்ரெச்சர் எப்போதும் காலி, ஒரு கம்பளி மட்டும் மடித்துக் கிடக்கும்.

அந்தக் கீழ் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில், தகட்டில், ஓர் இடத்தில் பெயின்ட் நிற்பதே இல்லை.

ஒவ்வொரு கண்காட்சிக்கும் முன்னால் தகட்டின் இரண்டு பக்கமும் புதுசாகப் பச்சை அடிப்பார். கண்காட்சி முடிவதற்குள் அந்த ஒரு இடம், ஓர் உள்ளங்கை அளவுக்கு, தேய்ந்து இரும்பு பளபளக்கும். "உன் செருப்புதான் படுது" என்பார். நான் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் தேய்ந்தது.

அன்று காலை வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. எண்ணெயும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனையில் எனக்குக் கண் செருகியது.

முன்னாலிருந்து அவர் கத்தினார். "கேட் மூடியிருக்குடி. தட்டிட்டே இருந்தா எங்க போறது, ரயில் மேலயா?"

"நான் தட்டலீங்க."

"அப்ப மாப்பிள்ளை தட்டியிருப்பான்."

சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். தூக்கக் கலக்கத்தில் கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் கை இரண்டும் மடியில் பையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கண்காட்சியில் வழக்கமான கூட்டம்தான். ஜீப்புகள், குழாய் வைத்த ஒரு பீரங்கி வண்டி, அதன்மேல் ஏற அழும் குழந்தைகள். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எடுத்து வந்த சோற்றை அவருக்குப் பிசைந்து கொடுத்தேன். பாதிதான் சாப்பிட்டார். உதடு வெளுத்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று அவருக்குச் சொன்னேனா எனக்குச் சொல்லிக்கொண்டேனா தெரியவில்லை.

மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். பட்டாளத்தில் இதே மாதிரி வண்டி ஓட்டியவராம். அனுமதி கேட்டுவிட்டுப் பின்னால் ஏறினார். உள்ளே பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார், நோயாளி தூங்கும் அறைக்குள் வந்தவர்போல.

"நீங்களும் தட்டித்தான் சொல்லுவீங்களாம்மா?"

நான் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்.

"எங்க பிரிவுல மூணு தட்டும் உண்டு. மூணு தட்டுனா, உள்ள இருக்கறவன் போயிட்டான்னு அர்த்தம். டிரைவர் தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்குவான். அப்புறம் மெதுவாத்தான் ஓட்டுவான். இனிமே என்ன அவசரம்?"

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையில் அவருடைய காக்கித் தொப்பி.

பெரியவர் இறங்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். அந்தத் தேய்ந்த இடத்தைப் பார்த்துவிட்டார். விரல் முட்டியை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"பெயின்ட் எப்ப அடிச்சது?"

"போன வாரம்" என்றார் இவர்.

"இது உக்காந்தவன் தட்டுற உயரம் இல்லையே. படுத்தவன் கைதான் இங்க எட்டும்."

பெரியவர் காலி ஸ்ட்ரெச்சரில் மடித்துக் கிடந்த கம்பளியை விரித்து, கழுத்தளவு வரை இழுத்துச் சரிசெய்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்தக் கம்பளியை மறுபடி மடிக்க எனக்குக் கை வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் காட்சிசாலைப் பொறுப்பாளர் வந்தாள். சின்னப் பெண், நல்ல மாதிரி. வண்டியைப் பின்பக்கமாகத் தகரக் கொட்டகைக்குள் விட வேண்டும். இரண்டு பக்கமும் வேறு வண்டிகள், நடுவே எங்கள் வண்டி நுழைகிற இடம்தான். நான் பின்னால் ஏறி இரண்டு தட்டினேன். அவர் பதில் தட்டு கொடுத்துவிட்டு மெல்லப் பின்னால் எடுத்தார். பாதி தூரம் போனதும் பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொட்டகைச் சுவர் ஓரமாக ஒரு மரக்கட்டை கிடந்தது. ஒரு தட்டு. வண்டி நின்றது. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டையை நகர்த்தப் போனேன். நான் திரும்ப ஏறித் தட்டும்வரை வண்டி அசையாது. அதுதானே எங்கள் வழக்கம்.

கட்டையைத் தூக்கக் குனிந்தேன்.

உள்ளே தகடு சத்தம் போட்டது. இரண்டு தட்டு.

முன்னாலிருந்து மோதிரத்தின் பதில் தட்டு. கியர் விழுந்தது.

வண்டி என்னைப் பார்த்து வந்தது.

"ஏங்க!" என்று கத்தினேன். தகரக் கொட்டகைக்குள் டீசல் இன்ஜின் போடும் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள், முதுகுக்குப் பின்னால் சுவர். இரண்டு கையாலும் கதவைப் படபடவென்று அடித்தேன்.

வண்டி இன்னும் வேகமாக வந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு தட்டுக்கு மேல் எப்படி அடித்தாலும் போ என்றுதான் அவருக்கு அர்த்தம். நானே என்மேல் வண்டியை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

உயிர் போகிற பயத்தில் கையைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே ஒரு தட்டு. கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

வண்டி நின்றது.

உள்ளே இரண்டு தட்டு.

வண்டி ஒரு சாண் நகர்ந்தது. பம்பர் என் முழங்காலைத் தொட்டது.

நான் ஒரு தட்டு. நின்றது.

உள்ளே இரண்டு தட்டு. இப்போது முன்பைவிட வேகமாக, கெஞ்சுகிற மாதிரி. யாரோ போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இத்தனை வருஷமாகப் படுத்தபடியே போ, போ என்று தட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பயத்தைவிடப் பெரிய அலுப்பு வந்தது. அவன்மேல் பாவமாகவும் இருந்தது.

கதவோடு முகத்தை ஒட்டிவைத்துச் சொன்னேன். "போதும்ப்பா. இனிமே போறதுக்கு எங்கயும் இல்ல."

பிறகு தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

இன்ஜின் நின்றுபோனது. உள்ளேயும் சத்தம் இல்லை.

பக்கவாட்டில் உடம்பைச் சுருக்கி நெளிந்து வெளியே வந்து, முன்னால் ஓடினேன். அவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"மூணு தட்டினியே" என்றார். "யாருக்கு?"

அவர் கையைப் பிடித்து இறக்கினேன். உள்ளங்கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினோம். ஆசைப்பட்டபடியே ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். மடியில் தொப்பி. "மெதுவாத்தான் போறான்" என்றார், பஸ் டிரைவரைச் சொல்லி. பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கினார். அந்தப் பாரம் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து எழுப்பினார். நான் எழுந்தேன். அவர் எழவில்லை.

டாக்டர் இதயம் என்றார். மகளும் அதையேதான் சொல்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் தட்டியது என் கை. அந்த மூன்று தட்டையும் கேட்டது இரண்டு பேர். ஒருவன் நம்பவில்லை, ஒருவர் நம்பிவிட்டார். இந்த நினைப்போடு படுத்தால் எங்கே தூக்கம் வரும்?

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஒருநாள் பொறுப்பாளர் பெண் போன் செய்தாள்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. சார் வண்டியில தடுப்புத் தகடு இருக்குல்ல, அதுல பெயின்ட் நாளுக்கு நாள் போயிட்டே இருக்கு. கீழ இல்ல. டிரைவர் பக்கம். கேபினைப் பூட்டி சாவி என்கிட்டதான் இருக்கு. யாரும் ஏறல."

போனேன். அவள் கேபினைத் திறந்துகாட்டினாள். அவருடைய தோளுக்குப் பின்னால், கை சாதாரணமாக எட்டுகிற உயரத்தில், பச்சை பெயின்ட் பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்திருந்தது. மோதிரம் பட்டால் அப்படித்தான் பெயரும். எத்தனை தடவை அதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். அவருடைய மோதிரம் இப்போது என் விரலில் இருக்கிறது.

கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன் என்று கேட்டேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, கேபினைப் பூட்டிச் சாவியோடு வெளியே போனாள். பின்னால் ஏறி என் பழைய இருக்கையில் உட்கார்ந்தேன். அதே எண்ணெய் வாசனை, அதே ஈரக் கம்பளி வாசனை. மாப்பிள்ளை மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கீழே கம்பளி கழுத்தளவு போர்த்தியபடி இருந்தது. அதை யார் போர்த்தினார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு அடியில் இப்போது தெரிந்த மேடு மட்டும் அன்றைக்கு இல்லை.

அதைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்து ஒரு தட்டு தட்டினேன். நில்லுங்க.

முன்னாலிருந்து மோதிரத் தட்டு ஒன்று வந்தது. கேட்டுச்சு, கண்டக்டரம்மா.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் நில் என்றால் நிற்பார், என்றைக்கும் அப்படித்தான். ஆனால் எத்தனை நாள் இப்படி வந்து உட்கார்ந்து அவரை நிறுத்திவைக்க முடியும்? எனக்கும் வயசாகிறது, எனக்கும் களைப்பாக இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப்போனேன்.

பின்கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

என் முழங்காலுக்குப் பக்கத்தில், கீழே, இரண்டு தட்டு.

முன்னால் கியர் விழுந்தது.