நாளைக்கு கேக் என் செலவு!

"வீ...ல்!"

பாதாள அறைப் படிக்கட்டிலிருந்து எழுந்த அந்த அலறல், ஹோல்ம்கோர் பன்றித் தீவனக் கம்பெனியின் மூன்று மாடிகளையும் உலுக்கியது.

அலறியவர் கணக்குப் பிரிவு ஈடித். அவர் கையில் ஒரு தட்டு. தட்டில் ஒரு முள்கரண்டி.

காலையிலிருந்து மொத்த ஆபீஸும் அப்படித்தான் தட்டும் கையுமாகக் காத்திருந்தது. முந்தின நாள் மாலை பிரேபனிடமிருந்து மெயில் வந்திருந்ததே... 'நாளைக்கு எல்லோருக்கும் கேக். என் செலவு!'

கேக்கும் வரவில்லை. பிரேபனும் வரவில்லை. பொறுக்க முடியாமல் தேடிப் போன ஈடித், பிரேபனை மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

கம்பெனியின் கம்ப்யூட்டர் பாதுகாப்புத் தலைவர், சர்வர் அறைக் கதவுக்கு முன்னால், கடைசிப் படியின் கீழே மல்லாந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

"ஐயோ... பிரேபன்!" கம்பெனியின் சொந்தக்காரியும் டைரக்டருமான விபேகே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கூட்டத்தின் பின்னால் நின்ற மலேனே தன் தட்டை மெல்லக் கீழே வைத்தாள். பிரேபனுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆன பெண்.

அந்த கேக் மெயிலை அனுப்பியது பிரேபன் இல்லை.

மலேனே!

* * *

ஹோர்சன்ஸ் போலீஸின் இன்ஸ்பெக்டர் கோர்ம், மீட்டிங் அறையில் உட்கார்ந்து கறுப்புக் காபியை உறிஞ்சினார்.

"பேரு?"

"மலேனே."

"என்ன படிச்சிருக்கே?"

"சைபர் செக்யூரிட்டி."

கோர்மின் பேனா நின்றது. "அட! என் பொண்ணும் அதைத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அதைப் படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்?"

"கோர்ம்... இது கொலை விசாரணை" என்றாள் மலேனே. டென்மார்க்கில் போலீஸையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"தெரியும், தெரியும். நேத்து நாலு மணிக்கு மேல ஆபீஸ்ல யார் இருந்தது?"

"நான் மட்டும்தான்."

"நாலு மணிக்கு மேலயா?! என்ன பண்ணிட்டிருந்தே?"

"வேலை."

கோர்ம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல, நாலு மணிக்கே ஊரே வீட்டுக்குப் போயிடற இந்த டென்மார்க்ல, இப்படி ஒரு பதிலை எவனும் எங்கிட்ட சொன்னதில்ல. கொலைகாரன்கூட இதைவிட நம்பற மாதிரி பொய் சொல்வான்!"

"நான் இன்னும் தகுதிகாண் காலத்துல இருக்கேன். வேலை நிரந்தரமாகணுமேன்னு..."

"இங்க பாரும்மா. மூணுலேருந்து அஞ்சுக்குள்ள சாவு நடந்திருக்குன்னு டாக்டர் சொல்றார். கையில யாரோ இறுக்கிப் பிடிச்ச தடமும் இருக்காம். நாலு பத்துக்கு பிரேபன் மெயில் அனுப்பியிருக்கார். அப்படின்னா நாலு பத்துக்கு உயிரோட இருந்திருக்கார். நாலு பத்துக்கு இந்தக் கட்டடத்துல மிச்சம் யாரு? நீ!"

"எனக்கு அவரைக் கொல்ல என்ன காரணம்?"

"அவர் உன் மேலதிகாரி. அது போதாதா?"

மலேனேவுக்குச் சுருக்கென்றது. நாற்பது கம்பெனிகள் கதவைச் சாத்திய பிறகு அவளுக்கு வேலை கொடுத்த மனிதர் பிரேபன். அவரைப் போய்...

"காரணம் இருக்கறவங்க வேற ஒருத்தர் இருக்காங்க" என்றாள். "விபேகே!"

"டைரக்டரா?"

"போன வாரம் அவங்களுக்கு ஒரு திருட்டு மெயில் வந்தது. 'பார்சல் வந்திருக்கு, லிங்க்கை அழுத்துங்க'ன்னு. அழுத்திட்டாங்க. வாடிக்கையாளர் விவரம் மொத்தமும் களவு போச்சு. தெரிஞ்ச மூணு நாளைக்குள்ள அரசாங்கத்துக்குச் சொல்லணும்ங்கறது சட்டம். நேத்து மத்தியானம் சாப்பிடறப்ப பிரேபன் எங்கிட்ட, 'இன்னிக்குச் சொல்லிடப் போறேன்'னார். ஆனா விபேகே அடுத்த வாரம் கம்பெனியை விக்கறாங்க. விஷயம் வெளிய வந்தா எவன் வாங்குவான்?"

கோர்ம் விசிலடித்தார். "காரணம் பிரமாதம்! ஆனா என்ன பிரயோஜனம்? அந்தம்மா மூணே முக்காலுக்கெல்லாம் கிளம்பிட்டாங்க. நாலு பத்துக்குக் குழந்தைகள் காப்பகத்துல பையனுக்கு பூட்ஸ் மாட்டிட்டிருந்தாங்க. பாத்த சாட்சி பதினஞ்சு பேர்!"



அந்தப் பதினைந்து சாட்சிகளையும் மலேனேவால் ஒரே வார்த்தையில் காலி செய்துவிட முடியும். 'மெயிலை அனுப்பியது நான்' என்று சொன்னால் போதும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"யோசிச்சு வை" என்றார் கோர்ம். "அதுவரைக்கும் சொல்லு... என்னென்ன வேலை இருக்கு?"

"விட மாட்டீங்களா?"

"இந்த மாசத்துக்குள்ள அவ விண்ணப்பம் போடணும்மா!"

மலேனே பெருமூச்சு விட்டாள். "பூட்டை உடைக்கற வேலை இருக்கு. 'எங்க கம்பெனிக்குள்ள புகுந்து காட்டு'ன்னு அவங்களே கூலி கொடுத்துக் கூப்பிடுவாங்க. புகுந்து காட்டினா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாங்க."

"அப்புறம்?"

"காவல் வேலை. நாள் பூரா திரையையே பாத்துட்டு உக்காந்திருக்கணும். ஒண்ணும் நடக்கலைன்னா, 'உனக்கு எதுக்குச் சம்பளம்?'பாங்க. ஏதாவது நடந்துட்டா, 'உனக்கு எதுக்குடி சம்பளம்?'பாங்க."

"வேற?"

"தணிக்கை. 'உங்க பாஸ்வேர்டெல்லாம் வலுவா இருக்கா?'ன்னு கேக்கணும். 'இருக்கு'ம்பாங்க. ஒரு டிக் அடிச்சுட்டு, அவங்க கொடுக்கற காபியைக் குடிச்சுட்டு வந்துடலாம்."

"அட, இது தேவலையே!"

"கம்ப்யூட்டரை முடக்கிப் பணம் கேக்கற திருடன்கிட்ட பேரம் பேசற வேலைகூட இருக்கு. திருடங்க ரொம்ப மரியாதைப்பட்டவங்க. போன் பண்ணா உடனே எடுப்பாங்க. நம்ம இன்டர்நெட் கம்பெனி எடுக்குமா?"

"இதுல நீ எது?"

"எல்லாத்துக்கும் அஞ்சு வருஷ அனுபவம் கேட்டாங்க. பன்றித் தீவனத்துல மட்டும் கேக்கல."

கோர்ம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சும்மாதான் கேட்டார். "இந்தத் தொழில்ல செய்யவே கூடாத தப்பு எதும்மா? பொண்ணுகிட்ட சொல்லி வைக்கிறேன்."

மலேனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல அனுமதியில்லாம கை வைக்கறது. ஒரு வழக்கு விழுந்தா போதும்... ஜென்மத்துக்கும் எவனும் வேலை தரமாட்டான்."

"நல்ல விஷயம்" என்று எழுந்தார் கோர்ம். "சரி, கோட்டை எடுத்துக்க. ஸ்டேஷனுக்குப் போலாம்."

இடுப்பிலிருந்து விலங்கு வெளியே வந்தது.

கொலைக் குற்றவாளி... அல்லது வாழ்நாள் முழுக்க வேலையற்றவள். கீழே படியில் கண் திறந்தபடி கிடந்த அந்த முகம் மலேனேவின் நினைவுக்கு வந்தது. அவள் வாயைத் திறந்தால் பிழைப்பு போகும். திறக்காவிட்டால் பிரேபனைக் கொன்றவள் பையனோடு வீட்டுக்குப் போவாள்.

"அந்த மெயிலை நான்தான் அனுப்பினேன்!"

விலங்கு அந்தரத்தில் நின்றது.

"என்னது?!"

"எங்க கம்ப்யூட்டர்காரங்க நடுவுல இது ஒரு விளையாட்டு, கோர்ம். கம்ப்யூட்டரைப் பூட்டாம எவனாவது எழுந்து போனா, பக்கத்துல இருக்கறவன் ஓடிப் போய், அவன் பேர்ல 'நாளைக்கு கேக் என் செலவு'ன்னு எல்லாருக்கும் மெயில் தட்டிவிடுவான். மறுநாள் மாட்டினவன் கேக் வாங்கிட்டு வந்தே ஆகணும். அதுதான் தண்டனை."

"அவர் நிஜமாவே தங்கமான மனுஷன்னு நினைச்சேனே!"

"தங்கமான மனுஷன்தான்" என்றாள் மலேனே. குரல் உடைந்தது. "பதினோரு வருஷத்துல பிரேபன் ஒரு தடவைகூட மாட்டினதில்ல. பாத்ரூம் போனாலும் பூட்டுவார். தீ ஒத்திகையில மணி அடிச்சப்பகூட பூட்டிட்டுத்தான் ஓடினார். நேத்து நாலு பத்துக்கு அவர் மேஜைப் பக்கம் போறேன்... கம்ப்யூட்டர் திறந்து கிடக்குது! எனக்குத் தலைகால் புரியல. 'மாட்டினீங்களா!'ன்னு குதிச்சுக்கிட்டு மெயிலைத் தட்டினேன். அவர் ஏன் பூட்டலைன்னு நான் யோசிச்சிருக்கணும். நான் அங்க சிரிச்சுட்டு இருக்கறப்ப அவர் கீழே..."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கோர்ம் விலங்கை மேஜைமேல் வைத்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"பூட்டக்கூட நேரமில்லாம ஓடியிருக்கார். எவனோ... எவளோ... ஓட வெச்சிருக்காங்க. மூன்றரைக்கு அவர் மேஜை போனுக்கு விபேகே பேசியிருக்காங்க. 'போயிட்டு வரேன்னு சொன்னேன்'னாங்க."

"'சர்வர் ரூம்ல புகை'ன்னு சொல்லியிருப்பாங்க. அதுக்கு ஒண்ணுக்குத்தான் அவர் அப்படி ஓடுவார்."

"இருக்கலாம். ஆனா அந்தம்மா ஒத்துக்கணுமே? உன் பேச்சை மட்டும் வெச்சுக் கைது பண்ணா, வக்கீல் என்னை வறுத்துத் தின்னுடுவான்."

மலேனே கண்களைத் துடைத்துக்கொண்டாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

"கோர்ம், விபேகேவுக்கு எதை அனுப்பினாலும் அழுத்துவாங்க. நாங்களே போலி மெயில் அனுப்பி வெச்ச சோதனையில மூணு தடவையும் தோத்தது அவங்க ஒருத்தர்தான்."

விரல்கள் பறந்தன.

'படிக்கட்டு கேமரா: நேற்றைய பதிவு தயார். அழிக்க விரும்பினால் இங்கே அழுத்தவும்.'

"படிக்கட்டுல கேமரா இருக்கா?" கோர்ம் பரபரத்தார்.

"இல்ல. பிரேபன் கேட்டுக்கிட்டே இருந்தார். வீண் செலவுன்னு விபேகேதான் மறுத்துட்டாங்க."

"அப்ப இல்லைன்னு அவங்களுக்கே தெரியுமே?"

"தனக்குத் தெரியாம அவர் வெச்சிருப்பாரோன்னு இப்ப பயம் வரும்ல?"

"பலே! அந்த மெயிலை எனக்கும் ஒண்ணு அனுப்பு. ரெக்கார்டுக்கு."

அனுப்பினாள்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், தன் அறையில் விபேகே கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கைக்குட்டை நழுவி விழுந்தது.

பக்கத்தில் கோர்ம் தன் போனைக் குடைந்துகொண்டிருந்தார்.

"அழுத்திட்டாங்க!" மலேனே கிசுகிசுத்தாள். "பாஸ்வேர்டும் போட்டாச்சு..."

"அடுத்து என்ன வரும்?" கோர்ம் போனைச் சட்டென்று பையில் போட்டார்.

"'எந்த நேரத்துப் பதிவை அழிக்க வேண்டும்?'னு கேக்கும்."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

3.30 முதல் 3.45 வரை.

"ஊரே அவர் நாலு பத்துக்கு மேல செத்தார்னு நினைச்சிட்டிருக்கு" என்றார் கோர்ம் மெதுவாக. "இந்தம்மாவுக்கு மட்டும் எப்படி மூன்றரை?"

விலங்கை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்!

விபேகே அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. "ஒரே ஒரு வாரம் பொறுன்னு கெஞ்சினேன்... 'மூணு நாள்தான் சட்டம்'னான்! கையைப் பிடிச்சேன்... உதறினான்... கோபத்துல தள்ளிட்டேன்... புகைன்னு பொய் சொல்லித்தான் வரவெச்சேன்... பேசறதுக்குத்தான்... சத்தியமா பேசறதுக்குத்தான்!"

அழுதுகொண்டே போலீஸ் வண்டியில் ஏறினாள்.

* * *

மீட்டிங் அறைக்குத் திரும்பிய கோர்ம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டினார்.

"ஒரு வழக்கு முடிஞ்சது. இப்ப அடுத்தது."

"அடுத்ததா?"

"அனுமதியில்லாம அடுத்தவர் கம்ப்யூட்டர்ல கை வெச்சது. நீயே உன் வாயால ஒத்துக்கிட்டே."

மலேனே நிலைகுலைந்தாள். "கோர்ம்! கொலைகாரியைப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன்!"

"ரொம்ப சந்தோஷம். ஆனா சட்டம் சட்டம்தான். முழுப் பேரைச் சொல்லு."

பிரேபனும் போனார். கம்பெனியும் போகப்போகிறது. இனி பன்றித் தீவனம்கூட அவளைச் சீண்டாது. நியாயமாக நடந்ததற்கு இதுதானா பரிசு?

'டிங்!'

லேப்டாப் திரையில் ஒரு செய்தி. மலேனே குனிந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"கோர்ம்... நம்ம பொறியில ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க."

"ரெண்டா?!" கோர்ம் துள்ளி எழுந்தார். கை துப்பாக்கிக்குப் போனது. "கூட்டாளி! எனக்கு அப்பவே தெரியும்! யார் அவன்? பேரைச் சொல்லு!"

மலேனே திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க."

துப்பாக்கியிலிருந்து கோர்மின் கை நழுவியது.

"லிங்க்கை அழுத்தினது மட்டுமில்ல... பாஸ்வேர்டும் போட்டிருக்கீங்க. போலீஸ் பாஸ்வேர்டு. இது நாய் பேரா?"

"நான்... சும்மா... உள்ள என்னதான் வருதுன்னு..."

"பொறின்னு தெரிஞ்சுமா?!"

"ரொம்ப நிஜம் மாதிரியே இருந்ததும்மா!"

"இதையும் மேலிடத்துக்குச் சொல்லியாகணும். மூணு நாள் டைம். சட்டம் சட்டம்தான்."

கோர்ம் புதுப் பக்கத்தைச் சர்ரென்று கிழித்தார். கசக்கினார். காபிக் கோப்பைக்குள் அமுக்கினார்.

"கொலைகாரியே ஒத்துக்கிட்டா. அந்த மெயிலை யார் அனுப்பினா எனக்கென்ன?"

"இங்க ஒருத்தர் பேர்தான் இருக்கு" என்றாள் மலேனே. ஒரு பொத்தானைத் தட்டி, கோர்மின் பேரை அழித்தாள். "பாஸ்வேர்டை மட்டும் இன்னிக்கே மாத்திடுங்க."

கோர்ம் கோட்டை மாட்டிக்கொண்டு கதவுவரை போனார். தயங்கினார். திரும்பினார்.

"உண்மையைச் சொல்லும்மா. என் பொண்ணை நம்பி இதைப் படிக்க வைக்கலாமா? கடைசிவரைக்கும் வேலை இருக்குமா?"

"தாராளமா படிக்க வைங்க, கோர்ம்!" என்றாள் மலேனே. "உங்களை மாதிரி நாலு பேர் இருக்கற வரைக்கும், எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்ல!"