திரையில் இல்லாத முகம்

1987. ஞாயிறு பின்னேரம், புலம்பெயர்ந்து வந்த ஊரில், எப்சம் மண்டபத்துக்குள் யோகராணி நுழைந்தபோது சேலைக் கரையெல்லாம் மழை. தமிழ்ச் சங்கத்தார் வீடியோவில் பழைய படம் போடுகிறார்களாம்... அவளுடைய படம்! சரி, அவளுடைய குரல் மட்டும் உள்ள படம்.

மைக் பிடித்திருந்தவர் படம் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மேடை நாடகமா இருக்கேக்க நாப்பது பாட்டு. படத்துக்கு ஒன்பதுதான் மிஞ்சினது. மேடையில கதாநாயகியாப் பாடினவ கமராவுக்கு முன்னால வர மாட்டன் எண்டிட்டா. அதால குரல் ஒருத்தி, முகம் இன்னொருத்தி..."

"பொய்!"

இருந்தவர்கள் எல்லாரும் யோகராணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எப்ப மாட்டன் எண்டனான்? ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே!"

மைக் பிடித்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தக் கண்கள்... ஐயோ, கதிர்காமநாதன்!

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், கொழும்பு ஸ்டூடியோவில் அவன் உதவி டைரக்டர். சத்தம் பதிந்துவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். வேர்க்க வேர்க்கப் பாடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, 'தொடங்கு' என்று கண்ணாலேயே சொல்வான். அந்தப் பார்வைக்காகவே இரண்டு தரம் வேண்டுமென்று பிழைவிட்டாள், கள்ளி! பிறகு முகத்துக்கு வேறொருத்தி வந்தாள். 'நான் வடிவில்லை' என்று அன்றைக்கு முடிவுகட்டியவள், பெண்பார்க்க வந்த ஒருவர் முன்னாலும் போய் நிற்கவில்லை.

படம் ஓடத் தொடங்கியதும் எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள். குடையோடு பின்னாலேயே ஓடி வந்தார் கதிர்காமநாதன்.

"மழை, ராணி. காரில கொண்டுபோய் விடட்டே?"

"தேவையில்லை. பஸ் வரும். நான் மறுத்தனான் எண்டு ஆர் சொன்னது? அதை மட்டும் சொல்லுங்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான்."

"என்ன...?"

"டைரக்டர் உம்மைத்தான் நடிக்கக் கேட்டவர். கதாநாயகன் உம்மைக் கட்டிப்பிடிக்கிற சீன் ஒண்டு இருந்தது... என்னால தாங்கேலாமப் போச்சு. 'அவ மாட்டன் எண்டிட்டா' எண்டு பொய் சொல்லிப்போட்டன். பிறகு உம்மட முகத்தில முழிக்கப் பயம். கலியாணமும் கட்டேல்லை. உம்மில எனக்கு உயிர், ராணி... இண்டைக்கும்."

கோபம் வரும் என்றுதான் நினைத்தாள். வந்தது அழுகை.

"ஒருக்கா... ஒரே ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமே! நடிக்கவும் ஓம் எண்டிருப்பன். உங்களுக்கும் ஓம் எண்டிருப்பன்."

"இப்ப...?"

பஸ் வந்து நின்றது.

"இப்ப எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, கதிர்" என்று சொல்லிவிட்டு, அழுதபடியே ஏறினாள்.